கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா?

('உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வணிகமும் தொழில் முனைவும் கற்றுத் தருவது தேவையா, தேவையில்லையா?' என்ற பட்டிமன்றத்தில் 'தேவையே' என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் கொஞ்சம் கவலையோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

எனக்கு முன்னாடி பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "புத்தகம் பிடிக்க வேண்டிய கையில் தராசைக் கொடுக்கலாமா?" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. ஐயா, நாங்க தராசைக் கொடுக்கச் சொல்லலீங்க. தராசு முள் எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்க்கக் கத்துக் கொடுங்கன்னுதான் சொல்றோம். (கைதட்டல்)

எங்க வீட்டுக்காரர் எம்.காம். படிச்சவர். தங்கப் பதக்கம் வாங்கலே. ஆனா வாங்கியிருப்பேன்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கார். (சிரிப்பு) அவரை ஒரு நாள் சந்தைக்கு அனுப்பினேன். ஒரு கிலோ வெண்டைக்காய் வாங்கிட்டு வந்தார். நுனியை ஒடிச்சுப் பார்த்தேன், ஒடியவே இல்லை. வளையுது!  "ஏங்க, ஒடிச்சுப் பார்த்து வாங்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவர், "எங்க சிலபஸ்ல அது இல்லையே"ங்கறார். (பலத்த சிரிப்பு)

சிரிச்சீங்க. ஆனா நம்ம படிப்பு அப்படித்தானே இருக்கு? மாநிலப் பாடத் திட்டத்தில் வணிகவியல் எப்போ வருது? பதினொன்றாம் வகுப்பில். அதுவும் யாருக்கு? அந்தப் பிரிவை எடுத்தவங்களுக்கு மட்டும். மத்த பிள்ளைங்க பற்று எது, வரவு எதுன்னு தெரியாமலே பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போயிடறாங்க. ஆனா வெளியே போனதும் முதல் நாள் அவங்க கையில் விழறது என்ன? காசுதானே!

நடுவர் அவர்களே, எதிரணி மூணு வாதம் வச்சாங்க. ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன்.

முதல் வாதம், "சின்ன வயசிலேயே லாபம், லாபம்னு சொன்னா பிள்ளைக்குப் பணத்தாசை வந்துடும்." நல்ல கவலைதான். ஆனா வியாபாரம் சொல்லிக் கொடுத்தா பேராசைதான் வரும்னு யார் சொன்னது? வள்ளுவர் வியாபாரிக்கான இலக்கணத்தை எந்த அதிகாரத்தில் வைத்தார் தெரியுமா? பொருள் சேர்க்கிற அதிகாரத்தில் இல்லீங்க. 'நடுவு நிலைமை'யில் வைத்தார். அடுத்தவன் பொருளையும் தன் பொருள் மாதிரி நினைக்கிறவன்தான் வியாபாரின்னு அங்கே சொல்றார். நடுவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் வியாபாரி உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் ஒரே அதிகாரத்தில் இருக்கு ஐயா!

(நடுவர்: அம்மா, அப்போ எனக்கும் ஏதாவது லாபம் வருமா? - சிரிப்பு)

நீங்க தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்க, பார்த்துக்கலாம். (சிரிப்பு, கைதட்டல்)

நான் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்க பள்ளி ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நாலு குழுவாப் பிரிச்சு, ஆளுக்கொரு கடை போடச் சொன்னேன். குழுவுக்கு ஐந்நூறு ரூபாய் என் கையிலிருந்து கொடுத்தேன். திருப்பித் தரணும்னும் சொல்லிட்டேன். நான் கணக்கு டீச்சராச்சே! (சிரிப்பு)

மோர்க் கடை போட்ட பையன்கள் இருக்காங்களே, படு கெட்டிக்காரங்க. காலையில் கூட்டம் அலை மோதினதைப் பார்த்தாங்க. உடனே பானையில் ஒரு குடம் தண்ணியை ஊத்திட்டாங்க. மதியத்துக்கு மேலே ஒருத்தர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலே. பாதிப் பானை மோர் அப்படியே நிக்குது. சாயந்திரம் அந்தப் பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து சொன்னான்: "டீச்சர், தண்ணி ஊத்தினது மோரில் இல்லே, எங்க கடையில்." நான் பத்து வருஷம் நீதிபோதனை வகுப்பு எடுத்திருக்கேன். ஒரு குடம் தண்ணி நடத்தின பாடத்தை என்னால நடத்த முடியலே. தமிழில் காசுக்கும் நாணயம்னுதான் பேர், நேர்மைக்கும் நாணயம்னுதான் பேர். இரண்டும் ஒரே சொல்லுங்கறதை அந்தப் பையன் அன்னிக்குத்தான் கத்துக்கிட்டான். (கைதட்டல்)

இரண்டாவது வாதம்: "படிச்சா வியாபாரம் வரும்? பிறவியிலேயே இரத்தத்தில் இருக்கணும்." அப்படியா? சிலப்பதிகாரத்துக்கு வாங்க. கோவலன் யார்? புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானுடைய மகன். இரத்தத்தில் வியாபாரம் ஓடியிருக்கணும் இல்லையா? அப்பன் சேர்த்த செல்வத்தைத் தொலைச்சுட்டு, மனைவியின் சிலம்போடு மதுரைக்கு வந்தான். புது ஊர். விலை உயர்ந்த பொருள். எத்தனை பேரிடம் விலை விசாரிச்சான்? எதிரே வந்த அரண்மனைப் பொற்கொல்லனிடம் நேரே நீட்டிட்டான். நம்ம வீட்டுப் பெண்கள் ஒரு மூக்குத்தி மாத்தணும்னாலே நாலு கடை ஏறி இறங்குவாங்க! (சிரிப்பு) ஊழ்வினைதான் காரணம்னு இளங்கோவடிகள் சொல்றார். நான் மறுக்கலே. ஆனா அந்த ஊழ்வினைக்குத் துணையாக் கொஞ்சம் வியாபாரம் தெரியாத்தனமும் கூட வந்திருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

அதே நேரம் சிவகாசிக்கு வாங்க. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார்னு இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினாங்க. தீப்பெட்டித் தொழில் அவங்க இரத்தத்திலா இருந்தது? இல்லே. போனாங்க, மாதக்கணக்கில் தங்கிக் கத்துக்கிட்டாங்க, திரும்பி வந்தாங்க. மழை பொய்த்த அந்த ஊர் ஒரு தொழில் நகரமாச்சு. கத்துக்கிட்டதால் வந்தது ஐயா, பிறந்ததால் வந்ததில்லே!

"அவர் படிச்சாரா, இவர் படிச்சாரா, கோடீஸ்வரர் ஆகலையா?"ன்னு எதிரணி ஒரு பட்டியல் வாசிச்சாங்க. நீந்திக் கரை ஏறினவங்க பட்டியல் அது. முங்கிப் போனவங்க பட்டியலை யார் வாசிக்கிறது? அவங்க மேடைக்கு வர மாட்டாங்களே!

அப்படி முங்கிப் போன ஒருத்தர் கதையை நான் சொல்றேன். அவர் எங்க அப்பா.

1986-ல் அவர் வேலை பார்த்த மில்லை மூடிட்டாங்க. கைக்கு வந்த பணத்தில் எங்க தெருமுனையில் ஒரு மளிகைக் கடை போட்டார். நல்ல மனுஷர். எடை குறைச்சுப் போட மாட்டார். கடன் கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டார். ராத்திரி கடை அடைச்சதும் கல்லாவைத் திறந்து எண்ணுவார். ஐந்நூறு ரூபாய் இருக்கும். "இன்னிக்கு ஐந்நூறு சம்பாதிச்சேன்"னு சந்தோஷமா எங்களுக்கு அல்வா வாங்கிட்டு வருவார். அந்த ஐந்நூறில் சரக்கு வாங்கின முதல் எவ்வளவு, வாடகை எவ்வளவு, நமக்கு மிஞ்சினது எவ்வளவுன்னு அவருக்குப் பிரிக்கத் தெரியாது. கல்லாவில் இருப்பதெல்லாம் லாபம்னு நினைச்சார். நாங்க தின்ன அல்வா லாபத்தில் வாங்கினதில்லீங்க. முதலைக் கரைச்சு வாங்கினது.

மூணு வருஷம். அலமாரி ஒவ்வொண்ணாக் காலியாச்சு. அம்மா தாலிச் சங்கிலி அடகுக்குப் போச்சு, திரும்பி வரவே இல்லே. 1989 தீபாவளிக்கு முந்தின வாரம் கடையைப் பூட்டினார். அந்தக் கடன் நோட்டு இன்னமும் எங்க வீட்டுப் பரணில் இருக்கு. வர வேண்டியது பதினாலாயிரத்துச் சொச்சம். எங்க அப்பா சோம்பேறி இல்லே, ஏமாத்துக்காரர் இல்லே. எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவர். அந்த எட்டு வருஷத்தில் விற்பனை வேறே, லாபம் வேறேன்னு ஒரே ஒரு நாள், ஒரு வாத்தியார் சொல்லியிருந்தா, எங்க அம்மா கழுத்தில் சங்கிலி இருந்திருக்கும். (அரங்கம் அமைதி)

மூணாவது வாதம்தான் கனமானது. எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "பள்ளியில் தொழிலா? மறுபடியும் குலக்கல்வியா?" இந்தக் கேள்விக்கு நான் தலை வணங்குறேன். 1953-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ, தொடக்கப் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோருடைய தொழில்னு ஒரு திட்டம் வந்தது. நாடே கொதிச்சுது. பெரியார் எதிர்த்தார். 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சரியான எதிர்ப்பு! அந்த எதிர்ப்பு இல்லேன்னா மில் தொழிலாளி மகள் டீச்சராகி இந்த மேடையில் நின்னிருக்க மாட்டா. (கைதட்டல்)

ஆனா அந்தத் திட்டம் பிள்ளையிடம் என்ன சொன்னது? "உங்க அப்பன் செய்யற தொழிலை நீயும் செய்." நாங்க என்ன சொல்றோம்? "உங்க அப்பன் செய்யாத தொழிலையும் நீ செய்யலாம்." இரண்டும் ஒண்ணா?

இன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வியாபார அறிவு இந்த நாட்டில் எங்கே இருந்தது? வீட்டுக்குள்ளே இருந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறின நகரத்தார் வீட்டுப் பையன் முதலில் பெட்டியடிப் பையனாச் சேருவான். அப்புறம் அடுத்தாள். அப்புறம்தான் பெரிய பொறுப்பு. ஐந்தொகை போடறதை அவன் பால்குடி மாதிரிக் குடிச்சு வளர்ந்தான். காமராஜரே பள்ளிப் படிப்பு நின்னதும் மாமாவின் துணிக்கடையில்தான் உட்கார்ந்தார். அவருக்கு உட்கார ஒரு மாமா கடை இருந்தது. மாமாவுக்குக் கடை இல்லாத பிள்ளை எங்கே உட்காரும்? (கைதட்டல்)

கடைக்காரர் மகனுக்கு எட்டு வயசில் கொள்முதல் தெரியும். கூலிக்காரர் மகளுக்கு நாப்பது வயசிலும் தெரியாது. இந்த நிலைமை அப்படியே இருக்கட்டும், பள்ளிக்கூடம் இதில் தலையிடக் கூடாதுன்னு சொன்னா, அதுதான் ஐயா குலக்கல்வி! நாங்க கேக்கறது குலத்துக்குள்ளே பூட்டி வச்ச சாவியை எடுத்து வகுப்பறை மேசையில் வைங்கன்னு! (பலத்த கைதட்டல்)

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"ன்னு கேக்கலாம். நடந்திருக்கே! அமெரிக்காவில் 1919-லேயே ஸ்பிரிங்ஃபீல்டுங்கற ஊரில் ஜூனியர் அச்சீவ்மெண்ட்னு ஓர் அமைப்பு பிறந்தது. பிள்ளைங்க சின்னதா ஒரு கம்பெனி தொடங்கணும், பொருள் செய்யணும், விக்கணும், கடைசியில் கணக்கு முடிச்சுக் கம்பெனியைக் கலைக்கணும். இதுதான் அவங்க பாடம். நம்ம நாட்டிலேயே டெல்லி அரசுப் பள்ளிகளில் 2019-ல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தொழில் முனைவு மனப்பான்மைக்குன்னு தனி வகுப்பு கொண்டு வந்தாங்க. 2021-ல் மேல்நிலை மாணவர்களுக்குத் தொழில் தொடங்கிப் பார்க்க ஆளுக்கு 2,000 ரூபாய் முதலும் கொடுத்தாங்க. வானம் இடிஞ்சு விழலே!

மணி அடிச்சாச்சு. நடுவர் அவர்களே, ஒரே ஒரு கதையோட முடிச்சுக்கிறேன்.

(நடுவர்: இதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. சொல்லுங்கம்மா. - சிரிப்பு)

அதே ஆண்டு விழாவில் ஒரு குழு எலுமிச்சைச் சாறு வித்துச்சு. செலவு 420. பத்து ரூபாய் டம்ளர் அறுபது வித்து 600. "180 ரூபாய் லாபம் டீச்சர்!"ன்னு குதிச்சாங்க. நான் கேட்டேன், "ஐஸ் யார் கொடுத்தா? டம்ளர் யார் வீட்டுது? பழம் பிழிஞ்சது யார்?" குதிச்சது நின்னுபோச்சு. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்க அம்மா இரண்டு மணி நேரம் பிழிஞ்சாங்க. அவங்க கூலியை எந்தப் பக்கம் எழுதறது?"ன்னு கேட்டா. "செலவுப் பக்கம் எழுதும்மா"ன்னேன். அவ ஒண்ணும் பேசலே. உட்கார்ந்துட்டா.

மறுநாள் ஒரு நோட்டோட வந்தா. அவ அம்மா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லிக் கடை போடறவங்க. மூணு மணிக்கு எழுந்து, பதினோரு மணி வரைக்கும் நிக்கிறவங்க. அந்தக் கடைக்கு இவ கணக்கு எழுதியிருக்கா. அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு எல்லாம் சேர்த்து 900 ரூபாய். விற்பனை 1,300. மிச்சம் 400. அதுக்குக் கீழே இன்னொரு வரி: தண்டல்காரருக்கு 100.

"இது என்னம்மா?"ன்னேன். "விடிகாலையில் தொள்ளாயிரம் கொடுப்பார் டீச்சர். பகலில் ஆயிரமாத் திருப்பித் தரணும். அஞ்சு வருஷமா அப்படித்தான்."

எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சுங்க. தனி வட்டி, கூட்டு வட்டி எல்லாம் ஏழாவது, எட்டாவதிலேயே நடத்திட்டோம். "ராமு எட்டு சதவீத வட்டிக்கு ஐயாயிரம் கடன் வாங்கினான்" கணக்கில் அந்தப் பெண் முழு மார்க் வாங்கினவ. ரெட் இங்க்கில் 'மிக நன்று' போட்டது நான்தான். ராமு வாங்கின கடனுக்கு வட்டி கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தேன். அவ அம்மா வாங்கின கடனுக்குச் சொல்லிக் கொடுக்கலையே!

அன்னிக்கு வகுப்பில் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். தொள்ளாயிரத்துக்கு ஒரு நாளைக்கு நூறு. ஒன்பது நாளில் வட்டியே தொள்ளாயிரம், வாங்கின முதல் அளவுக்கு ஆயிடுது. முதல் அப்படியே நிக்குது. வருஷக் கணக்கில் பார்த்தா 4,000 சதவீதத்துக்கு மேலே. தின வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு பேர் சொல்லியே இதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. தெருவோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வங்கிக் கடன்னு 2020-ல் மத்திய அரசுத் திட்டமும் வந்தது. சட்டம் வந்துச்சு, திட்டம் வந்துச்சு. அந்தத் தாய்க்குக் கணக்கு மட்டும் வரலே.

கணக்கைப் போட்டது அந்தப் பெண்தான். "டீச்சர், வட்டி போக 300 மிஞ்சுது. தினம் 50 எடுத்து வச்சா, 18 நாளில் 900 ஆயிடும். அப்புறம் அவர்கிட்டே வாங்க வேண்டாமே?" அவ்வளவுதான் டீச்சர் வேலை. பதினெட்டு நாள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாங்க. இரண்டு நாள் போட முடியலே, அதனால் இருபது நாளாச்சு. இருபத்தோராம் நாள் விடிகாலையில் தண்டல்காரர் வண்டியை நிறுத்தி, வழக்கம் போல நோட்டை எண்ணி நீட்டியிருக்கார். அந்த அம்மா நீட்டின பணத்தைத் தொடலே.

"இன்னிக்கு வேண்டாம்ணே"ன்னு சொல்லியிருக்காங்க.

நடுவர் அவர்களே, அந்தப் பெண் டாட்டா ஆகப்போறதில்லே, பிர்லா ஆகப்போறதில்லே. இப்போ பிளஸ் ஒன் படிக்கிறா, அவ அம்மா இன்னமும் அதே இடத்தில் இட்லிதான் விக்கிறாங்க. ஆனா தினம் நூறு ரூபாய் அந்த வீட்டுக்குள்ளேயே நிக்குது. வருஷத்துக்கு 36,500 ரூபாய். அஞ்சு வருஷமா வெளியே போய்க்கிட்டிருந்த பணம்!

பிள்ளைங்களை வியாபாரி ஆக்குங்கன்னு நாங்க கேக்கலே. வாரத்துக்கு இரண்டே பீரியட். மனப்பாடம் வேண்டாம், மார்க் வேண்டாம், பரீட்சை வேண்டாம். ஒரு கடை போட்டுப் பார்க்கட்டும், ஒரு கணக்கு எழுதிப் பார்க்கட்டும், நூறு ரூபாய் நட்டப்பட்டும் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்தில் நூறு ரூபாய் நட்டப்பட்ட பிள்ளை, வாழ்க்கையில் தாலிச் சங்கிலியை நட்டப்படாது.

ஆகவே, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வணிகமும் தொழில் முனைவும் கற்றுத் தருவது தேவையே, தேவையே என்று சொல்லி, தராசு முள் எங்கள் பக்கம் சாய்ந்திருப்பதை நடுவர் அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)